டிஎஃப்டி இருக்கும்போது ஹப்பார்டு மாதிரி எதற்கு? காந்தப் பொருள்களைக் கணக்கிடும் வழிகள்

கேள்வி: "எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, காந்தப் பொருள்கள் பற்றிய கோட்பாட்டு ஆய்வில் சேரப் போகிறேன். டிஎஃப்டி, எல்டிஏ+யு, ஹப்பார்டு மாதிரி, டிஎம்எஃப்டி, ஹைசன்பர்க் மாதிரி என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். டிஎஃப்டி எந்த அளவுருவும் இல்லாமல் அடிப்படை விதிகளிலிருந்தே கணக்கிடுகிறது என்றால் மற்றவை எதற்கு? எதிலிருந்து தொடங்குவது?"

டிஎஃப்டி, அதாவது எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் அடர்த்திச் சார்புக் கோட்பாடு, ஒன்றே போதும் என்று சொல்லத்தக்க பொருள்கள் இருக்கின்றன. அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோகிற பொருள்களும் இருக்கின்றன. எது எந்த வகை என்று அடையாளம் காண்பதுதான் இந்தத் துறையில் பாதி வேலை.

எல்லா முறைகளுக்கும் மூலம் ஒரே ஷ்ரோடிங்கர் சமன்பாடு. அதில் எலக்ட்ரானும் எலக்ட்ரானும் ஒன்றையொன்று விலக்கும் உறுப்பு இல்லாவிட்டால் மொத்தக் கணக்கும் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அந்த உறுப்பை முழுதாகக் கையாள எவராலும் முடியவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அந்த விலக்கில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மீதியைச் சராசரியாக்குகிறது, அல்லது அடியோடு விட்டுவிடுகிறது. ஒரு முறை எதை விட்டது என்று தெரிந்தால், அது எந்தப் பொருளில் தோற்கும் என்பதும் தெரிந்துவிடும்.

காந்தத்துக்கும் மின்விலக்குக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். பள்ளியில் நாம் படித்த படம், ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம், அவை ஒன்றையொன்று இழுத்து வரிசையாக நிற்கின்றன என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு போர் மேக்னட்டான் (அணுக் காந்தத்தின் வலிமையை அளக்கும் அலகு) திருப்புத்திறன் கொண்ட இரண்டு அணுக்கள், 2.5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. அவற்றுக்கு இடையிலான காந்த ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் சுமார் 0.04 கெல்வின் வரும். இரும்பின் திருப்புத்திறன் அணுவுக்கு 2.2 போர் மேக்னட்டான் என்பதையும் சேர்த்தால்கூட 0.2 கெல்வினைத் தாண்டாது. இரும்போ 1043 கெல்வின் வரை காந்தமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான மடங்கு இடிக்கிறது.

வைஸ் 1907-இல் இதை ஒரு கற்பனையான உட்புலத்தை வைத்துச் சமாளித்தார். அந்தப் புலம் ஆயிரம் டெஸ்லாவுக்கு மேல் இருக்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1911-இல் போரும், 1919-இல் வான் லீவனும் தத்தம் ஆய்வேடுகளில் இன்னொன்றைக் காட்டினார்கள்: பழைய இயற்பியலை மட்டும் கொண்டால் வெப்பச் சமநிலையில் காந்தமே இருக்க முடியாது. விடை 1928-இல் ஹைசன்பர்க்கிடமிருந்து வந்தது. ஒரே ஸ்பின் உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்க பவுலி தத்துவம் இடம் தராது. ஆகவே ஸ்பின் எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்து எலக்ட்ரான்கள் எவ்வளவு நெருங்கும் என்பது மாறும். அதனால் மின்விலக்கு ஆற்றலும் மாறும். அந்த ஆற்றல் வேறுபாடுதான் காந்தம். மின்விலக்கு எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் வருவது, ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்பது 11,600 கெல்வின். எனவே ஆயிரம் கெல்வின் ஒரு பொருட்டே அல்ல.

இங்கிருந்து துறை இரண்டாகப் பிரிந்தது. ஹைசன்பர்க் வழி எலக்ட்ரான்களை அந்தந்த அணுவிலேயே உட்கார வைத்தது. ஸ்பின் மட்டும் திரும்பும். 1938-இல் ஸ்டோனர் எடுத்த வழியில் எலக்ட்ரான்கள் படிகம் முழுவதும் ஓடும் பட்டைகளில் இருக்கின்றன. எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் உச்சியான ஃபெர்மி மட்டத்தில் நிலைகளின் அடர்த்தி போதுமான அளவு அதிகமாக இருந்தால், மேல் ஸ்பின் பட்டையும் கீழ் ஸ்பின் பட்டையும் தாமாகவே விலகிவிடும். இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் அந்த நிபந்தனையைத் தாண்டுகின்றன. பல்லேடியம் வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது. நிக்கலின் திருப்புத்திறன் ஏன் 0.6 என்று பின்னமாக வருகிறது என்பதை ஹைசன்பர்க் படத்தால் விளக்க முடியாது. ஸ்டோனர் படத்தில் அது இயல்பாக வரும். ஆனால் ஸ்டோனர் படத்தை வைத்து, காந்தம் மறையும் கியூரி வெப்பநிலையைக் கணக்கிட்டால் பல மடங்கு கூடுதலாக வந்து நிற்கும். இரண்டு படத்திலும் பாதி உண்மை இருந்தது. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளின் பெரும்பகுதி இந்த இரண்டையும் இணைப்பதில்தான் போயிற்று.

இனி டிஎஃப்டி. ஹோஹன்பெர்க்கும் கோனும் 1964-இல் நிறுவியது இது: அடிநிலை ஆற்றலை அறிய எல்லா எலக்ட்ரான்களுக்குமான அலைச்சார்பு தேவையில்லை, எலக்ட்ரான் அடர்த்தி தெரிந்தால் போதும். அடுத்த ஆண்டு கோனும் ஷாமும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்: ஒன்றோடொன்று மோதாத கற்பனை எலக்ட்ரான்கள், அசலின் அடர்த்தியையே தருமாறு அமைந்த ஒரு புலத்தில் ஓடுகின்றன. கோனுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் வேதியியலுக்கு. தேற்றம் துல்லியமானது. ஆனால் அந்தப் புலத்தில் பரிமாற்றம், ஒத்திசைவு என்ற இரண்டும் சேர்ந்த ஒரு துண்டு இருக்கிறது. அதன் உண்மையான வடிவம் எவருக்கும் தெரியாது. எல்டிஏ (உள்ளிட அடர்த்தித் தோராயம்) என்பது அங்கே சீரான எலக்ட்ரான் வாயுவின் விடையை எடுத்துப் பொருத்துவது. ஆகவே "டிஎஃப்டியில் அளவுரு இல்லை" என்பது சரி. "டிஎஃப்டியில் ஊகம் இல்லை" என்பது தவறு. கேள்வியில் இரண்டும் கலந்துவிட்டன.

ஸ்பின்னையும் சேர்த்த வடிவம் 1970-களின் தொடக்கத்தில் வந்துவிட்டது. அதை வைத்து இரும்பைக் கணக்கிட்டால் திருப்புத்திறன் 2.2 என்றே வரும். எந்த எண்ணையும் வெளியிலிருந்து ஊட்டாமல் இது வருகிறது என்பதை முதல்முறை பார்க்கிறபோது யாருக்கும் கொஞ்சம் சிலிர்க்கும். ஆனால் எல்டிஏ அதே மூச்சில் ஓர் அபத்தத்தையும் சொல்லும்: இரும்பின் உண்மையான பொருள்மையக் கனசதுர அமைப்பை விட, காந்தமே இல்லாத நெருக்க அடுக்கு அமைப்புதான் ஆற்றலில் தாழ்ந்தது என்று. 1985-இல் வெளிவந்த இந்த முடிவு பெரிய தலைவலியாக இருந்தது. அடர்த்தி எவ்வளவு, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற இரண்டையும் கணக்கில் கொள்ளும் ஜிஜிஏ வந்த பிறகே இரும்பு தன் சரியான வடிவத்துக்குத் திரும்பியது. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் பிபிஇ 1996-இல் வந்தது, இந்த வகையைச் சேர்ந்தது.

இரும்பு, கோபால்ட் போன்ற உலோகங்களில் அடிநிலை, திருப்புத்திறன், அணுக்களின் இடைவெளி ஆகியவை மட்டும் வேண்டுமென்றால் பிபிஇயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போவது பெரும்பாலும் வீண் செலவு.

சிக்கல் நிக்கல் ஆக்சைடில் தொடங்குகிறது. 1937-இல் டெ போரும் ஃபெர்வேயும் சுட்டிக்காட்டிய பழைய புதிர் இது. நிக்கல் அயனியின் 3டி கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள். பட்டைகள் முழுதாக நிரம்பவில்லை. எனவே பட்டைக் கோட்பாட்டின்படி அது உலோகமாக இருக்க வேண்டும். உண்மையில் அது பச்சை நிறத்தில் ஒளி ஊடுருவும் மின்காப்பான், ஆற்றல் இடைவெளி சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட். ஒரு நிக்கலிலிருந்து அடுத்த நிக்கலுக்கு எலக்ட்ரான் தாவினால், அங்கே ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்களின் விலக்கைச் சந்திக்க வேண்டும். அந்த விலை அதிகம், அதனால் எவரும் நகர்வதில்லை. இயற்பியலாளர் மோட் இதைத்தான் பிடித்துக்கொண்டார். எதிரெதிர் ஸ்பின் அமைப்பை அனுமதித்து எல்டிஏ கணக்குப் போட்டால் இடைவெளி வரத்தான் செய்கிறது, ஆனால் அரை எலக்ட்ரான் வோல்ட்கூட இல்லை. கோபால்ட் ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் உலோகம் என்றே வருகின்றன. லாந்தனம் குப்ரேட்டில் நிலைமை இன்னும் மோசம்: அசலில் அது 2 எலக்ட்ரான் வோல்ட் அளவு இடைவெளி உள்ள ஆன்டிஃபெர்ரோ காந்தம் (அடுத்தடுத்த ஸ்பின்கள் எதிரெதிராக நிற்பது), எல்டிஏ அதைக் காந்தமற்ற உலோகம் என்கிறது.

ஏன் இப்படி என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். இதைச் செய்யாமல் எந்த மென்பொருளையும் திறக்காதீர்கள். இரண்டு அணுக்கள், இரண்டு எலக்ட்ரான்கள், அணுவுக்கு ஓர் ஓர்பிட்டால். எலக்ட்ரான் ஒரு அணுவிலிருந்து மற்றதற்குத் தாவும் ஆற்றலை 'த' என்போம். ஒரே அணுவில் இரண்டும் சேர்ந்தால் கட்ட வேண்டிய விலை, வழக்கம்போல் 'யு'. 1963-இல் ஹப்பார்டும், தனித்தனியே குட்ஸ்வில்லரும் கனமோரியும் முன்வைத்த மாதிரியின் மிகச்சிறிய வடிவம் இதுதான். த = 0.4, யு = 8 எலக்ட்ரான் வோல்ட் என்று வையுங்கள்.

மொத்தம் ஆறு நிலைகள். இரண்டு ஸ்பின்னும் ஒரே திசையில் இருந்தால் தாவ வழியே இல்லை, ஆற்றல் சுழி. எதிரெதிராக இருந்தால் ஒரு 2×2 அணியைத் தீர்க்க வேண்டியிருக்கும்; அதன் தாழ்ந்த விடை –0.079 எலக்ட்ரான் வோல்ட். யு பெரிதாக இருக்கும்போது இது கிட்டத்தட்ட –4த²/யு, அதாவது –0.08. எலக்ட்ரான் உண்மையில் இடம் மாறவில்லை; அடுத்த வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்புகிறது, இரண்டும் ஒரே அணுவில் இருக்கும் வாய்ப்பு ஒரு சதவீதம்தான். அந்த எட்டிப்பார்த்தல் எதிரெதிர் ஸ்பின்னுக்கு மட்டுமே அனுமதி. ஆக்சைடுகளில் ஆன்டிஃபெர்ரோ காந்தம் பிறப்பது இப்படித்தான். நடுவில் ஆக்சிஜன் தரகராக நிற்பதால் அதை மீப்பரிமாற்றம் என்கிறோம், ஆண்டர்சன் 1950-களில் செம்மைப்படுத்தியது. 0.08 எலக்ட்ரான் வோல்ட் என்றால் 900 கெல்வினுக்கு மேல். காந்த விசை என்ற பேச்சே இதில் எங்கும் வரவில்லை.

இப்போது இதே கணக்கைச் சராசரிப் புலத்தில் போடுங்கள். ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றதன் சராசரியை மட்டுமே பார்க்கிறது என்று கொண்டு, இரண்டையும் பிணைப்பு ஓர்பிட்டாலில் அடையுங்கள். தாவலால் கிடைப்பது –0.8. ஆனால் இரண்டும் ஒரே அணுவில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஐம்பது சதவீதம், அதற்கு விலை +4. மொத்தம் +3.2 எலக்ட்ரான் வோல்ட். சரியான விடை –0.079. ஒரு ரூபாய் கணக்கில் நாற்பது ரூபாய் பிழை! ஒன்று இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம் ஒதுங்கும் என்ற எளிய விஷயத்தைச் சராசரி மறந்துவிட்டது. அந்த ஒதுங்கலுக்குத்தான் ஒத்திசைவு என்று பெயர்.

இதைச் சரிசெய்ய ஒரு குறுக்குவழி உண்டு. மேல் ஸ்பின்னை இடது அணுவிலும் கீழ் ஸ்பின்னை வலது அணுவிலும் ஆணி அடித்துவிடுங்கள்; சமச்சீர்மை உடையட்டும். சராசரிப் புலத்திலேயே ஆற்றல் –2த²/யு, அதாவது –0.04 ஆக இறங்கிவிடும். விலக்கின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது, இடைவெளியும் திறந்துவிட்டது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கிடைத்தது சரியான ஆற்றலில் பாதி. மேலும் இந்த விடையில் ஒவ்வொரு அணுவிலும் 0.995 போர் மேக்னட்டான் அசையாமல் நிற்கிறது. சரியான விடையிலோ எந்த அணுவிலும் நிலையான திருப்புத்திறன் கிடையாது, இரண்டும் மாறி மாறிப் பின்னிக்கிடக்கும் ஒற்றை நிலை அது.

1991-இல் அனிசிமோவ், ஸானென், ஆண்டர்சன் மூவரும் தந்த எல்டிஏ+யு செய்வது இந்த ஆணி அடிக்கும் வேலைதான். (இந்த ஆண்டர்சன் வேறு, மீப்பரிமாற்ற ஆண்டர்சன் வேறு.) எஸ், பி பட்டைகளை எல்டிஏ பார்த்துக்கொள்ளும், 3டி அல்லது 4எஃப் ஓர்பிட்டால்களுக்கு மட்டும் ஹப்பார்டு விலக்கைச் சராசரிப் புலத்தில் சேர்க்கிறோம். நிக்கல் ஆக்சைடின் இடைவெளி 3 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டுகிறது, திருப்புத்திறனும் சோதனை அளவை நெருங்குகிறது. செலவோ சாதாரண டிஎஃப்டியை விடச் சற்றுத்தான் அதிகம். காந்த ஒழுங்குள்ள மின்காப்பான் என்றால் என் முதல் தேர்வு இதுவே.

மனக்குறையும் இதில்தான் அதிகம். யு எவ்வளவு என்று கேட்டால் பலரும் முந்தைய கட்டுரை ஒன்றைக் காட்டுவார்கள். அந்தக் கட்டுரை அதற்கு முந்தையதைக் காட்டும். சோதனை இடைவெளி வரும்வரை யு-வைத் திருகிவிட்டு, "எங்கள் கணக்கு சோதனையோடு ஒத்துப்போகிறது" என்று எழுதுவதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? யு-வை நேரியல் எதிர்வினை போன்ற முறைகளால் கணக்கிடலாம். அதற்கு நேரமில்லை என்றால், ஒரே மதிப்பை வைத்துக்கொண்டு இடைவெளி, திருப்புத்திறன், பரிமாற்ற ஆற்றல் என்று நாலைந்து அளவுகளையும் ஒருசேரச் சொல்ல முடிகிறதா என்றாவது பாருங்கள். ஒன்று சரியாக வர மற்றது கெட்டால், அந்த யு ஒரு ஒட்டுத்துணி.

இன்னொரு எச்சரிக்கை, செய்முறை சார்ந்தது. காந்தக் கணக்கில் எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஆரம்பத் திருப்புத்திறனைச் சுழியாக வைத்தால் பல நிரல்கள் காந்தமற்ற விடையிலேயே போய் உட்கார்ந்துவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது. நிக்கல் ஆக்சைடில் எதிர்த்திசை அடுக்கைக் கொண்டுவர, இரண்டு நிக்கலும் இரண்டு ஆக்சிஜனும் கொண்ட நாலு அணுக் கூடு குறைந்தபட்சம் தேவை. குவாண்டம் எஸ்பிரெசோ என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் அந்த இரண்டு நிக்கலையும் வெவ்வேறு தனிமங்கள்போல உள்ளீட்டில் எழுதி, ஒன்றுக்கு நேர், மற்றதற்கு எதிர் என்று தொடக்க மதிப்புத் தர வேண்டும். யு சேர்த்த பிறகு பல போலித் தாழ்நிலைகள் முளைக்கும். நாலைந்து வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டி, எது உண்மையில் தாழ்ந்தது என்று பார்க்காமல் ஆற்றலை அறிக்கையில் எழுதாதீர்கள்.

டிஎம்எஃப்டிக்கு, அதாவது இயங்கு சராசரிப் புலக் கோட்பாட்டுக்கு, வருவோம். எல்டிஏ+யு ஸ்பின்னை ஆணி அடித்துவிடுவதால், கியூரி வெப்பநிலைக்கு, அல்லது ஆன்டிஃபெர்ரோ காந்தத்தில் அதற்கு இணையான நீல் வெப்பநிலைக்கு, மேலே என்ன நடக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. நிக்கல் ஆக்சைடு 523 கெல்வினில் காந்த ஒழுங்கை இழக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் மின்காப்பானாகவே இருக்கிறது. ஆணியைப் பிடுங்கினாலும் சுவர் நிற்கிறது என்றால், இடைவெளிக்குக் காரணம் ஒழுங்கு அல்ல. 1989-இல் மெட்ஸ்னரும் ஃபோல்ஹார்ட்டும் ஒரு வினோதமான எல்லையை ஆராய்ந்தார்கள்: பரிமாணம் முடிவிலியாக இருந்தால் ஹப்பார்டு மாதிரி என்ன ஆகும்? ஒவ்வொரு அணுவுக்கும் அண்டை அணுக்கள் எண்ணற்றவை ஆகிவிடுவதால், இடத்துக்கு இடம் உள்ள ஏற்ற இறக்கம் சராசரியாகிவிடும். ஒரே அணுவுக்குள் காலத்தில் நிகழும் ஏற்ற இறக்கம் மட்டும் அப்படியே தங்கும். 1992-இல் ஜார்ஜும் கோட்லியாரும் அந்த ஓர் அணுவின் கணக்கு, 1961-இலேயே தெரிந்திருந்த, மீப்பரிமாற்ற ஆண்டர்சனின் மாசு அணுக் கணக்குதான் (உலோகத்தில் தனித்து நிற்கும் ஓர் அந்நிய அணுவைப் பற்றியது) என்று காட்டினார்கள். மாசு அணுக் கணக்கைத் தீர்க்கக் கருவிகள் ஏற்கெனவே இருந்தன. படிகம் முழுவதும் ஒரே அணுவாகச் சுருங்கிவிட்டது. அந்த அணு எலக்ட்ரான் குளத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறது. குளத்தின் பண்பு அந்த அணுவின் விடையிலிருந்தே திரும்பக் கிடைக்கிறது.

எல்டிஏவோடு இதை இணைத்து 2001-இல் லிக்டன்ஸ்டைன், கட்ஸ்நெல்சன், கோட்லியார் மூவரும் இரும்பையும் நிக்கலையும் கணக்கிட்டார்கள். என் கணிப்பில் இந்தத் துறையின் அழகான கட்டுரைகளில் அது ஒன்று. நிக்கலில் மேல், கீழ் ஸ்பின் பட்டைகளின் விலகல் எல்டிஏவில் 0.6 எலக்ட்ரான் வோல்ட். ஒளிமின் சோதனையில் 0.3. சோதனையில் ஃபெர்மி மட்டத்துக்கு 6 எலக்ட்ரான் வோல்ட் கீழே ஒரு துணைச் சிகரமும் தெரியும். எல்டிஏவில் அதன் சுவடே இல்லை. டிஎம்எஃப்டியில் விலகல் குறைந்தது, சிகரமும் தோன்றியது. கியூரி வெப்பநிலைக்கு மேலேயும் அணுக்களில் திருப்புத்திறன் உயிரோடு இருக்கிறது, திசைதான் குழம்பிவிட்டது என்பதும் தெரிந்தது. ஸ்டோனருக்கும் ஹைசன்பர்க்குக்கும் இருந்த பழைய வழக்கு அங்கே கிட்டத்தட்டத் தீர்ந்தது: எலக்ட்ரான்கள் ஓடுகின்றன, ஆனால் ஓடும்போதே ஒவ்வொரு அணுவிலும் சற்றுத் தங்கி ஒரு ஸ்பின்னை உருவாக்கிவிட்டுப் போகின்றன.

டிஎம்எஃப்டி எங்கே தோற்கும்? இரண்டு அணுக் கணக்குக்குத் திரும்பிப் பாருங்கள். அங்கே சரியான விடை இரண்டு அணுக்களும் பின்னிய ஒற்றை நிலை. ஓர் அணுவை மட்டும் உற்றுப் பார்க்கும் முறைக்கு அந்தப் பின்னல் கண்ணில் படாது. 340 கெல்வினில் உலோகத்திலிருந்து மின்காப்பானாக மாறும் வனேடியம் டைஆக்சைடில், தாழ்ந்த வெப்பநிலையில் வனேடியம் அணுக்கள் இரண்டிரண்டாக இணைசேர்கின்றன. ஓரணு டிஎம்எஃப்டி அங்கே தடுமாற, 2005-இல் இணையையே அலகாகக் கொண்ட கொத்து வடிவம்தான் இடைவெளியைத் தந்தது. எல்டிஏ ஏற்கெனவே சேர்த்துவிட்ட விலக்கை இரண்டாம் முறை எண்ணாமல் கழிப்பது எப்படி என்பதற்கும் இன்றுவரை ஒருமித்த விடை இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆக்சைடுகளில் எல்டிஏ காந்தத்தைக் குறைத்துச் சொல்கிறது. வலுக்குன்றிய உலோகக் காந்தங்களில் கூட்டிச் சொல்கிறது. மூன்று நிக்கலுக்கு ஓர் அலுமினியம் கலந்த சேர்மத்தின் திருப்புத்திறன் அளவீட்டில் 0.23, கணக்கிலோ ஏறத்தாழ 0.7. அலுமினியத்துக்குப் பதில் காலியம் இருந்தால் சேர்மம் காந்தமே அல்ல, ஆனால் எல்டிஏ காந்தம் என்று அடித்துச் சொல்கிறது. ஸ்பின் ஏற்ற இறக்கங்கள் ஒழுங்கைக் கரைத்துவிடுகின்றன. மோரியா 1970-களில் வளர்த்த கோட்பாடு அதற்குத்தான். இங்கே யு சேர்ப்பது எரிகிற தீயில் எண்ணெய்.

ஹைசன்பர்க் மாதிரி இன்னும் ஓயவில்லை. டிஎஃப்டி அல்லது எல்டிஏ+யுவில் ஸ்பின்களை வெவ்வேறு விதமாக அடுக்கி, ஆற்றல் வேறுபாடுகளிலிருந்து அணு இணைக்கு எவ்வளவு பரிமாற்ற ஆற்றல் என்று பிரித்தெடுக்கலாம். 1987-இல் லிக்டன்ஸ்டைனும் உடனாளிகளும் தந்த வழியில், ஒரு ஸ்பின்னை மிகச் சிறிய கோணம் திருப்பினால் ஆற்றல் எப்படி மாறுகிறது என்பதிலிருந்து எல்லா இணைகளுக்கும் ஒரே ஓட்டத்தில் மதிப்புக் கிடைத்துவிடும். அந்த எண்களை ஹைசன்பர்க் மாதிரியில் ஊட்டி, தற்செயல் மாதிரிகளை எடுக்கும் மான்டே கார்லோ போன்ற முறைகளால் வெப்பநிலையை ஏற்றினால் கியூரி வெப்பநிலை வரும். இரும்புக்குச் சுமார் 950 கெல்வின் என்று வந்தது, பரவாயில்லை. நிக்கலுக்கு 350-ஐ ஒட்டி வந்தது, அசல் 627. நிக்கலில் திருப்புத்திறனின் அளவே திசையோடு சேர்ந்து மாறுவதால், விறைப்பான ஸ்பின் என்ற அனுமானம் அதற்குப் பொருந்தவில்லை. இங்கே ஒரு கண்ணி: பிரித்தெடுக்கும்போது ஆணி அடித்த நிலைகளின் வேறுபாட்டைத்தான் எடுக்கிறீர்கள், ஒற்றை நிலையின் ஆற்றலை அல்ல. மேலே கண்ட –0.04-க்கும் –0.08-க்கும் உள்ள இரட்டைக் காரணி இதுவே. கட்டுரைகளில் பரிமாற்ற எண்கள் இரண்டு மடங்கு வேறுபட்டால், முதலில் இதையும், ஒவ்வொரு இணையையும் ஒருமுறை எண்ணினார்களா இருமுறை எண்ணினார்களா என்பதையும் பாருங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

பரிமாணம் குறையக் குறைய குவாண்டம் ஏற்ற இறக்கம் கூடும். சதுரமாக அடுக்கிய அணுக்களில், அரை ஸ்பின் ஹைசன்பர்க் மாதிரியின் மாறி மாறி எதிர்த்திசையில் நிற்கும் திருப்புத்திறன் 0.5 அல்ல, 0.307 மட்டுமே. மெர்மினும் வாக்னரும் 1966-இல் காட்டியபடி, எல்லாத் திசையும் சமமான இரு பரிமாண ஹைசன்பர்க் காந்தம் சுழிக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் ஒழுங்குபடாது. அப்படியானால் 2017-இல் ஒற்றை அடுக்குக் குரோமியம் அயோடைடு 45 கெல்வின் வரை காந்தமாக இருந்தது எப்படி? ஸ்பின்–சுற்றுப்பாதை இணைப்பால் ஒரு திசை மற்றவற்றை விடச் சற்று விருப்பமானதாகிவிடுகிறது, தேற்றத்தின் நிபந்தனை உடைகிறது. இந்தத் திசை விருப்பத்தைக் கணக்கிடுவது தனித் துன்பம். இரும்பில் அது அணுவுக்கு ஒன்றரை மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் அளவு. அணுவின் மொத்த ஆற்றலோ 34,000 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டும். ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாட்டைத் தேடுகிறீர்கள். எலக்ட்ரான் அலைகளின் உந்தத்தைக் குறிக்கும் தலைகீழ் வெளியில் புள்ளிகளின் வலை சற்றே தளர்ந்தாலும் குறியே மாறிவிடும்.

ஊகமே இல்லாமல் தீர்க்க முடியாதா என்றால், சிறியவற்றைத் தீர்க்கலாம். ஹப்பார்டு மாதிரியில் அணுவுக்கு நாலு நிலைகள். 16 அணுக்களுக்கே 400 கோடிக்கு மேல். ஒரு பரிமாணத்தில் லீபும் வூவும் 1968-இல் துல்லியமான விடை கண்டார்கள். 1992-இல் ஒயிட் தந்த டிஎம்ஆர்ஜி என்ற எண்கணிப்பு முறை, ஒரு பரிமாணச் சங்கிலிகளைக் கிட்டத்தட்ட முடிந்த கதையாக்கிவிட்டது. குவாண்டம் மான்டே கார்லோ, அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் இருக்கும் சதுர அடுக்கில் சிக்கலின்றி ஓடும்; எலக்ட்ரான்களைச் சற்றுக் குறைத்தவுடன் நேர் எடைகளும் எதிர் எடைகளும் ஒன்றையொன்று தின்றுவிடும். குறிச் சிக்கல் எனப்படும் இதற்குப் பொதுத் தீர்வு காண்பது கணிப்பியலின் மிகக் கடினமான வகைக் கணக்குகளுக்குச் சமம் என்று 2005-இல் டிராயரும் வீஸும் காட்டினார்கள். உயர் வெப்பநிலை மீக்கடத்திகள் சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆண்டர்சனோடு சேர்ந்து 1987-இல் அந்த ஒற்றை நிலைப் பின்னலையே மீக்கடத்தலின் மூலமாக முன்வைத்தவர்களில் ஒருவர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். நீங்கள் தமிழ்நாட்டில் சேர்வதாக இருந்தால் அந்த மரபு பக்கத்திலேயே இருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது? வழிகாட்டி எந்தப் பொருளைத் தரப்போகிறார் என்று கேளுங்கள், பிறகு இரண்டு எண்களை மதிப்பிடுங்கள்: பட்டை அகலம் எவ்வளவு, யு எவ்வளவு. பட்டை அகலம் மிகப் பெரிதென்றால் பிபிஇ போதும். யு மிகப் பெரிது, காந்த ஒழுங்கும் உண்டு என்றால் எல்டிஏ+யு செய்து, ஹைசன்பர்க் மாதிரிக்கு இறங்கிவிடலாம். இரண்டும் ஒரே அளவில் நின்றாலோ, ஒழுங்கு இழந்த நிலையில் பட்டைகள் எப்படி இருக்கும் என்பது கேள்வியானாலோ டிஎம்எஃப்டிதான் வழி. அதற்குக் கிரீன் சார்புகள் என்ற கணிதக் கருவியும் கணினி நேரமும் நிறைய வேண்டும், முதல் ஆண்டிலேயே தலையைக் கொடுக்காதீர்கள். ஒரு பரிமாணச் சங்கிலி, முக்கோண அடுக்கு என்று வந்தால் டிஎஃப்டியில் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மாதிரிக் கணக்குக்குப் போய்விடுங்கள்.

மென்பொருளில் குவாண்டம் எஸ்பிரெசோ இலவசம், மடிக்கணினியிலேயே இரும்பை ஓட்டிப் பார்க்கலாம். வாஸ்புக்கு உரிமம் வேண்டும், உங்கள் குழுவிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன் கிடைக்கும் வாரங்களில் இரண்டு அணு ஹப்பார்டு கணக்கைக் கையால் முடியுங்கள். பிறகு நாலு அணுவுக்குப் பைத்தானில் அணியை நீங்களே கட்டித் தீர்த்து, யு-வை சுழியிலிருந்து 20 த வரை ஏற்றி, ஒற்றை நிலைக்கும் மும்மை நிலைக்கும் (இரண்டு அணுக் கணக்கில் ஸ்பின்கள் ஒரே திசையில் நின்றது போன்றது) உள்ள இடைவெளியை வரைந்து பாருங்கள். அதை முடித்துவிட்டு நிக்கல் ஆக்சைடை யு இல்லாமலும் யு-வோடும் ஓட்டுங்கள். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அப்போது பதில் சொல்வது எனக்கும் எளிது.